மாற்றியமைத்த மகிந்திரா தார் ஜீப்: ஒரு டயர் மாறினால் வண்டியில் என்னவெல்லாம் மாறுகிறது?

[காட்சி: பட்டறையில் தூக்கி நிறுத்தப்பட்ட ஒரு தார். கேமரா முன்சக்கரத்தின் உட்புறத்தை நெருங்குகிறது.]

வணக்கம். கரடுமுரடான பாதைகளுக்காக வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பாகங்களோடு நின்றுவிடுகிறது: பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், இரும்பு பம்பர், மாட்டிக்கொண்ட வண்டியை வடத்தால் இழுக்கும் வின்ச். அந்தப் பாகங்கள் தம்மைச் சுற்றியுள்ள பாகங்களின் மேல் ஏற்றும் சுமையைப் பற்றித்தான் இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம். டயரில் செய்த மாற்றம் கியரையும் பிரேக்கையும் ஸ்டீயரிங் மூட்டுகளையும் தொட்டு, கடைசியில் ஓட்டுபவரின் பழக்கத்தையும் மாற்றச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் பாதியில் விட்டவர்களின் வண்டிதான் பெரும்பாலும் மலையில் நின்றுபோகிறது.

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த மூன்று கதவு மகிந்திரா தாரை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வகையில், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 226 மில்லிமீட்டர் தரை இடைவெளியும், 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறங்கும் திறனும், சக்கரத்துக்குச் செல்லும் இழுவிசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருக்கும் லோ கியரும் இருக்கின்றன. கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில், பழைய மகிந்திரா ஜீப்புகள் பெரிய அலங்காரம் எதுவும் இல்லாமல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வருவதைப் பார்த்தவர்களுக்கு, வண்டியில் ஏற்கெனவே இருப்பதை முழுமையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதே முதல் மேம்பாடு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

[காட்சி: இரண்டு டயர்கள் அருகருகே. அளவுகள் திரையில் தோன்றுகின்றன.]

முதலில் டயர். தாரின் 18 அங்குலச் சக்கரத்தில் வரும் டயரின் அளவு 255/65 ஆர் 18; அதாவது அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம். அதன் விட்டம் ஏறத்தாழ 789 மில்லிமீட்டர். பலரும் விரும்பிப் போடும் 285/70 ஆர் 17 டயரின் விட்டம் ஏறத்தாழ 831 மில்லிமீட்டர். வித்தியாசம் 42 மில்லிமீட்டர். அதில் பாதி, அதாவது 21 மில்லிமீட்டர் மட்டுமே தரை இடைவெளியாகக் கிடைக்கும். அந்த 21 மில்லிமீட்டருக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு 5.3 சதவீதம் கூடுவதால், ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி 84 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிப் போகிறது. எல்லா கியர்களும் அதே 5.3 சதவீதம் நீண்டுவிடுவதால், செங்குத்தான ஏற்றத்தில் இழுவை குறைகிறது. கிளச் கூடுதலாகத் தேய்கிறது. டயர் கனமாக இருப்பதால் அதை நிறுத்துவதற்குப் பிரேக்குக்கு அதிக உழைப்பு. தாரில் பின்பக்கம் டிஸ்க் இல்லை, டிரம் பிரேக்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீயரிங்கை முழுமையாக ஒடிக்கும்போது டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசுகிறதா என்பதை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது மட்டுமல்லாமல், ஒரு சக்கரம் மேட்டில் ஏறி சஸ்பென்ஷன் முழுமையாக அமுங்கிய நிலையிலும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

அளவைக் கூட்டாமல், டயரின் வகையை மட்டும் மாற்றி, சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான, பக்கச்சுவர் உறுதியான ஆல் டெரெய்ன் டயர் போடுவதே பெரும்பாலோருக்குப் போதும் என்பது என் உறுதியான கருத்து. சக்கரத்தை வெளியே தள்ளிக்காட்டுவதற்காக, அதன் உட்புறத்தில் ஸ்பேசர் என்ற தடித்த வளையம் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சக்கரம் வெளியே போகப்போக, சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் ஹப் பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசை கூடிக்கொண்டே போகிறது.

[காட்சி: முன் ஆக்சில் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை. மடிப்புகளுக்கு இடையே மெல்லிய வெடிப்பு. சக்கரத்தின் உள்வட்டத்தில் கருநிற கிரீஸ் தெறித்திருக்கிறது.]

அடுத்து சஸ்பென்ஷன். இந்தத் தாரில் முன்பக்கம் சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் அமைப்பும், பின்பக்கம் ஒரே துண்டான ஆக்சிலும் இருக்கின்றன. இரண்டு அங்குல லிஃப்ட் கிட் போட்டால் பாடி உயரும். ஆனால் பின் ஆக்சிலின் நடுவில், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. முன்பக்கத்திலோ வேறொரு சிக்கல் எழுகிறது. பாடி உயர்ந்தபின் ஆக்சில் ஷாஃப்ட் முன்பைவிடச் சாய்வான கோணத்தில் சுழல வேண்டியிருக்கிறது. அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் வெடிக்கத் தொடங்கலாம். திரையில் தெரியும் இந்த கிரீஸ் தெறிப்புதான் முதல் அறிகுறி. இதைக் கண்டவுடன் உறையை மட்டும் மாற்றினால் செலவு சிறியது. கவனிக்காமல் விட்டால், அந்த வெடிப்பின் வழியே மண் உள்ளே போய் மூட்டையே அரித்துவிடும். வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என்ற ஓசை கேட்கத் தொடங்கினால், மூட்டு முழுவதையும் மாற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று பொருள். எனவே லிஃப்ட் செய்தபின் வீல் அலைன்மென்ட் பார்ப்பதோடு நிறுத்தாமல், சக்கரம் முழுமையாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் தன் எல்லையில் போய் முட்டுகிறதா என்பதையும் மெக்கானிக்கை அருகில் வைத்துக்கொண்டு பார்த்துவிடுங்கள். முகப்பு விளக்கின் கோணத்தையும் கீழிறக்க வேண்டும்; இல்லையென்றால் எதிரே வருபவரின் கண் கூசும்.

உயரம் கூடும்போது கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. தாரின் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1520 மில்லிமீட்டர். கணக்கின் வசதிக்காக அதன் புவியீர்ப்பு மையம் 760 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நிற்கும் வண்டி பக்கவாட்டில் 45 டிகிரி சாயும்போதுதான் கவிழும் எல்லையைத் தொடும். லிஃப்ட்டாலும் டயராலும் அந்த மையம் 60 மில்லிமீட்டர் உயர்ந்தால், எல்லை 43 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இது ஏட்டுக்கணக்கு. ஓடும் வண்டியில் ஸ்பிரிங் அமுங்குவதும், கீழ்ப்பக்க டயர் நசுங்குவதும், கூரை கேரியரில் கட்டிய சாமான்களும் சேர்ந்து இந்த எல்லையை இன்னும் வெகுவாகக் குறைக்கின்றன. கனமானவற்றைக் கூரையில் ஏற்றாமல், பின்னிருக்கைக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கட்டிவைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

[காட்சி: பதிவுச் சான்று, சட்டப் பிரிவு எண்கள் திரையில்.]

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. பம்பருக்கு முன்னே பொருத்தும் இரும்புத் தடுப்பான புல் பாரை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடைசெய்தது. அது மோதலின் விசையை நேராகச் சேஸிஸுக்குக் கடத்திவிடும், மோதப்படும் பாதசாரிக்கும் பெருங்கேடு. விபத்துக் காப்பீடு கோரும்போது, அறிவிக்காத மாற்றமே நிராகரிப்புக்குக் காரணமாகலாம். எனவே பாகத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை இறக்குவது தனிக் குற்றம். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

[காட்சி: கியர் லீவருக்கு அருகிலுள்ள சிறிய லீவர். 2 ஹை, 4 ஹை, நியூட்ரல், 4 லோ.]

இனி ஓட்டுவது. தாரின் அமைப்பில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் 4 ஹையில் போட்டதும் இரண்டு ஆக்சில்களும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கின்றன. ஈர மண்ணில் இதனால் சிக்கல் இல்லை. டயர் சற்று வழுக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்க இடமில்லாததால், வளைவில் ஸ்டீயரிங் இறுகும், வண்டி தயங்கும், பிறகு லீவர், பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் 2 ஹைக்குத் திரும்ப மறுக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் லீவரை முறுக்காமல், சில மீட்டர் நேராகப் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் விடுபட்டுவிடும்.

காற்றழுத்தம் குறைப்பதை விட மலிவான, பயன் மிகுந்த உத்தி வேறில்லை. சாலையில் 32 பி.எஸ்.ஐ. அளவில் ஓடும் டயரைக் கற்பாதையில் 20-க்கும், மணலில் 15-க்கும் இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் விரிந்து பிடிமானம் கூடும், குலுக்கலும் குறையும். ஆனால் வேகத்தையும் கூடவே குறைக்க வேண்டும். கூர்மையான திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட வாய்ப்புண்டு. தார்ச்சாலைக்குத் திரும்பியதும், வண்டியிலுள்ள 12 வோல்ட் கம்ப்ரஸரால் மீண்டும் காற்றடித்துவிட்டே வேகமெடுக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.

இறக்கத்தில், இறங்கத் தொடங்குவதற்கு முன்பே லோ கியரான 4 லோவில், முதல் கியரில் போட்டுவிட்டு, கிளச்சிலிருந்து காலை முழுமையாக எடுத்துவிடுங்கள். பாதி இறக்கத்தில் பதற்றப்பட்டு கிளச்சை மிதிப்பவருக்கு, வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் இன்ஜினின் துணை அந்த நொடியே போய்விடுகிறது. ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோனால், வண்டியைத் திருப்ப முயல வேண்டாம். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரிவர்ஸ் கியரில் போட்டு, இன்ஜினை உயிர்ப்பித்து, வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்குங்கள். பக்கச் சரிவில் வண்டி நழுவத் தொடங்கினால், மனம் ஸ்டீயரிங்கை மேட்டுப் பக்கம் ஒடிக்கச் சொல்லும். பள்ளத்தின் பக்கமாக ஒடிப்பதே சரி.

[காட்சி: ஓடை. கோலால் ஆழம் பார்க்கும் ஒருவர்.]

தண்ணீரில் 650 மில்லிமீட்டர் என்பது தேங்கிய நீருக்கான எல்லை. ஓடும் நீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைத் தள்ளும். இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாயான ஸ்நார்கெல், இன்ஜினுக்குள் தண்ணீர் போவதைத் தடுக்குமே தவிர, வயரிங்கையோ பேரிங்கையோ காப்பாற்றாது. அதன் இணைப்புகளில் கசிவிருந்தால் இன்ஜினையும் காப்பாற்றாது. நீரின் நடுவே இன்ஜின் நின்றால், மறுபடி சாவியைத் திருப்ப வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், அதை அமுக்க முயன்று, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போதுதான் மிக மோசமான காயங்கள் நேர்கின்றன. டிரெய்லர் இழுக்கும் குமிழில் கயிற்றை மாட்டவே கூடாது; அது ஒடிந்தால் தோட்டாவின் வேகத்தில் பறக்கும். சேஸிஸோடு போல்ட் செய்த கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். வின்ச்சின் திறன், சுமையோடு கூடிய வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும்: 2200 கிலோ என்றால் 3300 கிலோ, அதாவது ஏறத்தாழ 7300 பவுண்டு. இழுக்கும்போது வடத்தின் நடுவில் கனமான கம்பளியைப் போர்த்தி, வேடிக்கை பார்ப்பவர்களை வடத்தின் நீளத்தைவிடத் தள்ளி நிறுத்தி, இறுகிய வடத்தை யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: வீடு திரும்பிய வண்டி. தண்ணீர்க் குழாய், டார்க் ரெஞ்ச், கிரீஸ் கன்.]

திரும்பி வந்த அன்றே சக்கரத்தின் உட்புறச் சேற்றைக் கழுவிவிடுங்கள். அது ஒரு பக்கமாகக் காய்ந்துவிட்டால், சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். பின் டிரம்முக்குள் போன வண்டல் பிரேக் ஷூவைத் தேய்க்கும் என்பதால், டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளில், பழைய கிரீஸும் தண்ணீரும் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும் வரை கிரீஸ் அடிக்க வேண்டும். புதிதாகச் சக்கரமோ லிஃப்ட் கிட்டோ போட்டவர்கள், முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டுகளையும், குறித்த விசை அளவில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை எது தளர்ந்திருக்கிறது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஆழமான தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயின் வழியாகவோ ஆயில் சீலின் வழியாகவோ தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். லெவல் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பளபளப்பாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருந்தால் மூடிவிடலாம். பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தால், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். பிரீதர் குழாயை இன்ஜின் அறையின் மேற்பகுதி வரை நீட்டி மாட்டச் சொல்லுங்கள். சில அடி ஹோஸும் இரண்டு கிளிப்பும் இருந்தால் முடிந்துவிடும் வேலை அது.