வண்டிப் பட்டாவும் கல் குவிமாடமும்

வணக்கம் நேயர்களே. கட்டடக்கலை பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலியில் படம் போட்டுக் காட்ட வழியில்லை, அதனால் மாட்டுவண்டியில் ஏறிப் போவோம்.

எங்கள் ஊர் கொல்லுப்பட்டறையில் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா கட்டுவதைச் சிறுவயதில் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால், விளிம்பில் வட்டை, எல்லாம் மரம். அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது வெளியே சுற்றி மாட்டும் இரும்பு வளையம், அதாவது பட்டாதான். ஆசாரி அதைச் சக்கரத்தைவிட ஒரு பொட்டு சின்னதாகவே செய்வார். வரட்டி அடுக்கித் தீ மூட்டி, பழுக்கக் காய்ந்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கிவந்து மாட்டுவார்கள். மரம் புகையும். உடனே தண்ணீர். உஸ்ஸென்று ஆவி கிளம்பும், பட்டா சுருங்கும், ஆரக்கால்கள் நறநறவென்று நெரிபடும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஆசாரி வெற்றிலையை எடுப்பார்.

சரி, இப்போது ஜெர்மனிக்குப் போகலாம். எல்பே நதிக்கரையில் டிரெஸ்டன் நகரம். அங்கே ஃப்ராவன்கிர்ஷே என்று ஒரு தேவாலயம், பரோக் என்கிற பழைய ஐரோப்பிய அலங்காரப் பாணியில். 1726-ல் தொடங்கி 1743-ல் முடித்தார்கள். கட்டியவர் கியோர்க் பேர். அடிப்படையில் அவர் தச்சர். முதல் திட்டப்படி குவிமாடம் மரக்கூடுதான், மேலே செப்புத் தகடு. கடைசியில் அந்தத் தச்சரே மரத்தை விட்டுக் கல்லுக்குப் போனார்! சுமார் 12,000 டன் மணற்கல், கவிழ்த்துவைத்த மணி மாதிரி. ‘கல் மணி’ என்றே ஊர்க்காரர்கள் அழைத்தார்கள்.

வீட்டில் தொன்னை இருந்தால் கவிழ்த்துவைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள். வாய் அகன்றுவிடும். குவிமாடத்துக்கும் அதே கதிதான். கல்லை நன்றாகவே அமுக்கலாம், தாங்கும். இழுத்தால் விண்டுபோகும். மறுபடியும் சொல்கிறேன்: அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விண்டுவிடும். அகலப் பார்க்கிற வாயைச் சுற்றி யாராவது பட்டா கட்ட வேண்டும்.

கியோர்க் பேரும் கட்டாமலில்லை. இரும்பு வளையங்கள் போட்டார், ஆனால் அந்தப் பாரத்துக்கு அவை போதவில்லை. பாரம் வெளிச்சுவர்களுக்கும் பரவும் என்று கணக்குப் போட்டிருந்தார். அதில் பெரும்பங்கு உள்ளே இருந்த எட்டுத் தூண்களின் தலையில் இறங்கியது. விரிசல் விட்டது. 1738-ல் வேலை முடியுமுன்பே அவர் இறந்துபோனார். அந்தக் குவிமாடத்தை இறக்கிவிடுங்கள் என்று சொன்னவர் கியாவேரி. அதே ஊரில் கத்தோலிக்க ஆலயம் கட்டிக்கொண்டிருந்த இத்தாலியர். போட்டிக்காரர் சொன்னால் யார் கேட்பார்கள்? ஆனால் விரிசல் பொய்யில்லை. ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கே அதே 1740-களில் விரிசலுக்காகப் புதிதாக இரும்பு வளையங்கள் மாட்டினார்கள்.

அப்படியும் கல் மணி நின்றது. 1760-ல் பிரஷ்யப் படையின் பீரங்கிக் குண்டுகள் அதன்மேல் பட்டுத் தெறித்தன. 1945 பிப்ரவரி 13 இரவு விமானக் குண்டுவீச்சில் ஊரே எரிந்தபோதும் நின்றது. ஆனால் உள்ளே பற்றிய தீயில் அந்த எட்டுத் தூண்களும் வெந்தன. 15-ம் தேதி காலை மொத்தமும் சரிந்தது.

நாற்பத்தைந்து வருஷத்துக்கும் மேல் கற்குவியலாகவே கிடந்தது. பிறகு கல்லைக் கல்லாக எடுத்து, அளந்து, எண் போட்டு, 1994-லிருந்து 2005 வரை திரும்பக் கட்டினார்கள். பழைய கற்கள் கறுப்பு, புதியவை வெளிர்மஞ்சள். கறுப்பைப் பார்த்ததும் தீப்பிடித்த தழும்பு என்று நினைக்கத் தோன்றும். அந்த ஊர் மணற்கல் வயதானால் தானாகவே கறுக்கும். புதுக்கற்களும் ஒருநாள் கறுத்துவிடும்.

என்னைக் கேட்டால் அங்கே பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. புதிய குவிமாடத்தைச் சுற்றி எஃகு வளையங்கள் ஓடுகின்றன, இழுத்து இறுக்கியவை. வெளித்தோற்றத்தில் கியோர்க் பேர் வரைந்த வடிவத்தை மாற்றவில்லை, பட்டாவை மட்டும் இறுக்கினார்கள். எங்கள் ஆசாரி பார்த்திருந்தால் அன்றைக்கு இரண்டு வெற்றிலையாகப் போட்டிருப்பார்.

அப்புறம், குவிமாடத்தின் இரண்டு கல் ஓடுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளம் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 1736-ல் சில்பர்மான் செய்த ஆர்கன் என்கிற பெரிய குழல் இசைக்கருவியும், அதே வருஷம் இசைமேதை பாக் வந்து அதை வாசித்ததும் இன்னொரு நாளைக்கு. ஒன்றே ஒன்று: உச்சியில் நிற்கும் பொற்சிலுவை லண்டனில் செய்தது. செய்த கைவினைஞரின் அப்பா, 1945-ல் டிரெஸ்டன் மேல் குண்டு போட வந்த விமானிகளில் ஒருவர். நேரமாகிவிட்டது, வணக்கம்.