மேடையின் விளிம்பில் ஒரு கேமரா: லாஸ் ஏஞ்சலஸ் பங்க் இசை திரைப்படமான கதை

[திரையில்: கறுப்புத் திரை. கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்கிறது.]

1981-இல் வெளிவந்த ஓர் இசை ஆவணப்படம் ஒரு சட்ட அறிவிப்போடு தொடங்குகிறது. இந்த நிகழ்ச்சி படமாக்கப்படுகிறது, இங்கே நிற்பதாலேயே உங்கள் உருவமும் குரலும் படத்தில் இடம்பெறச் சம்மதிக்கிறீர்கள் என்ற பொருள்பட அமைந்த அந்த வாசகத்தை, மேடையில் நிற்கும் பாடகர்கள் ஒருவர் மாற்றி ஒருவராகக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். வழக்கமாக அரங்கின் வாசலில் ஒட்டப்பட்டு, எவரும் படிக்காமல் கடந்து போகும் தாள் அது. அதையே தொடக்கக் காட்சியாக வைத்ததன் மூலம், இங்கே ஒரு கேமரா இருக்கிறது, அது இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதை இயக்குநர் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்.

படத்தின் பெயர் ‘தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’. இயக்கியவர் பெனலோப் ஸ்பீரிஸ். 1979 டிசம்பர் முதல் 1980 மே வரை லாஸ் ஏஞ்சலஸிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இது படமாக்கப்பட்டது. ஓர் ஊரின் இசை எப்படி இருந்தது என்று பின்னால் வருபவர்கள் அறிவது, அதைப் படம்பிடித்தவரிடம் எவ்வளவு ஃபிலிம் இருந்தது, ஒலியைப் பதிய என்ன கருவி இருந்தது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பவற்றையே பெரிதும் சார்ந்திருக்கிறது. இந்தப் படத்தையும் இதற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட சில படங்களையும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் இந்த வீடியோ பார்க்கப் போகிறது.

[திரையில்: லாஸ் ஏஞ்சலஸ் வரைபடம். ஹாலிவுட்டிலிருந்து தெற்கே கடற்கரையை நோக்கி ஒரு கோடு நகர்கிறது.]

வேகமும் இரைச்சலும் நிறைந்த ஒரு வகை ராக் இசைதான் பங்க். லாஸ் ஏஞ்சலஸ் பங்க் இசை, 1977-இல் ஹாலிவுட் பூலவார்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் நிலவறையில் பிரெண்டன் மல்லன் தொடங்கிய ‘தி மாஸ்க்’ என்ற கிளப்பைச் சுற்றித் திரண்டது. அதே ஆண்டில் தொடங்கிய ‘ஸ்லாஷ்’ என்ற சிற்றிதழ் அந்த இசைக்கு விமர்சனக் களமாகவும் அறிவிப்புப் பலகையாகவும் இருந்தது. பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இவர்களைப் பொருட்படுத்தவில்லை; வானொலியிலும் இவர்களுக்கு அநேகமாக இடமில்லை. 1979 வாக்கில் நிலைமை மாறத் தொடங்கியது. நகரத்தின் தெற்கே, ஹெர்மோசா பீச் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து இன்னும் வேகமான, இன்னும் முரட்டுத்தனமான இசையோடு ‘பிளாக் ஃப்ளாக்’ போன்ற குழுக்கள் வந்தன. அவர்களோடு வயதில் இளைய, மோதிக்கொள்ளத் தயங்காத ஒரு கூட்டமும் வந்தது. பழைய ஹாலிவுட் கூட்டம் விலகவும் புதிய கூட்டம் நிறையவும் தொடங்கிய அந்த இடைவெளியில்தான் ஸ்பீரிஸின் கேமரா உள்ளே நுழைந்தது.

அவர் இந்த உலகத்துக்கு முற்றிலும் வெளியாள் அல்ல. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் திரைப்படம் படித்தவர். 1974-இல் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு விளம்பரப் படங்கள் எடுத்துத் தரும் ‘ராக் அண்ட் ரீல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். இசைக் காணொளிகளுக்கென்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தொழிலில் அவருக்குக் கை பழகியிருந்தது. இந்தப் படத்துக்கான பணம் வந்த வழி விசித்திரமானது: ஆபாசப் படம் ஒன்றில் முதலீடு செய்ய விரும்பிய இருவரைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பணத்தில் இதை எடுத்ததாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஸ்டுடியோ முதலாளிகள் எவரும் மேற்பார்வைக்கு வராத படப்பிடிப்பு அவருக்கு அப்படித்தான் வாய்த்தது.

[திரையில்: ஒரு சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ், ஒரு 16 மி.மீ. ஃபிலிம் சுருள், திறந்த சுருள் கொண்ட ஒரு வீடியோ கருவி.]

இவருக்கு முன்பே பங்க் இசையைப் படம்பிடித்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் கருவிகளைப் பார்த்தால்தான் ஸ்பீரிஸிடம் இருந்த வசதி புரியும்.

நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. கிளப்பில் பாடகி பேட்டி ஸ்மித், ‘ரமோன்ஸ்’, ‘டெலிவிஷன்’ குழுக்கள் போன்றோரின் நிகழ்ச்சிகளை, படத் தயாரிப்பாளர் ஏமஸ் போவும் கிடார் கலைஞர் இவான் கிராலும் கறுப்பு வெள்ளை 16 மி.மீ. ஃபிலிமில் பதிந்து 1976-இல் ஒரு படமாக்கினார்கள். படத்தையும் ஒலியையும் ஒத்திசைவாகப் பதியும் வசதி அவர்களிடம் இல்லை. ஆகவே கேமரா ஊமையாக ஓடியது; வேறு நேரத்தில் பதியப்பட்ட பாடல்களைப் பின்னால் சேர்த்தார்கள். உதடு ஒன்று பாட, காதில் வேறொன்று விழும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, மறந்துபோன ஓர் இரவை நினைவுபடுத்திக்கொள்ள முயலும் உணர்வே ஏற்படுகிறது. இது திட்டமிட்ட அழகியல் அல்ல, பணத் தட்டுப்பாட்டின் விளைவு என்றாலும், எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான்.

லண்டனில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த டான் லெட்ஸ், காவன்ட் கார்டன் பகுதியில் இருந்த ராக்ஸி கிளப்பில் 1977-இல் டிஜேயாக இருந்தார். பங்க் இசைத்தட்டுகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே வெளிவந்திருந்த காலம் என்பதால், இசைக்குழுக்கள் மேடையேறாத இடைவேளைகளில் அவர் ஜமைக்காவின் ரெகே இசையை ஒலிக்கவிட்டார். அந்த இரண்டு இசைகளுக்கும் பிரிட்டனில் ஏற்பட்ட நெருக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். அவர் கையில் கிடைத்தது, வீட்டுப் படங்கள் எடுக்கப் பயன்பட்ட சிறிய ஃபிலிம் கேமராவான சூப்பர் 8. அதன் கார்ட்ரிட்ஜில் இருப்பது 50 அடி ஃபிலிம். நொடிக்கு 18 சட்டகங்கள் என்று ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. 24 சட்டகங்கள் என்றால் இரண்டரை நிமிடம். அப்போதைய பங்க் பாடல்கள் பலவும் அந்த அளவுக்குள் அடங்கின. ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு பாட்டு என்ற கணக்கு இயல்பாகவே பொருந்தியது. ராக் இசையின் நீண்ட கிடார் தனி ஆவர்த்தனங்களை இந்தக் கருவியால் பிடித்திருக்கவே முடியாது.

சான் பிரான்சிஸ்கோவில் ஜோ ரீஸும் அவருடைய ‘டார்கெட் வீடியோ’ குழுவினரும் ஃபிலிமையே விட்டுவிட்டு வீடியோ நாடாவுக்குப் போனார்கள். நாடாவைக் கழுவ வேண்டியதில்லை, அழித்துவிட்டு மறுபடி பதியலாம், ஒலியும் கூடவே பதிவாகும். 1978 ஜூனில் நாபா அரசு மனநல மருத்துவமனையில் ‘தி கிராம்ப்ஸ்’ குழு அங்கிருந்த நோயாளிகளுக்காக நடத்திய நிகழ்ச்சியை அவர்கள் பதிந்தார்கள். மங்கலான கறுப்பு வெள்ளையில், சுமார் 20 நிமிடம் ஓடும் அந்த நாடாதான் அந்த நாளுக்குச் சாட்சி. லாஸ் ஏஞ்சலஸின் ‘ஸ்க்ரீமர்ஸ்’ குழுவின் நிலை இன்னும் கூர்மையான உதாரணம். கிடாரே இல்லாமல் மின்னிசைக் கீபோர்டுகளையும் டிரம்மையும் கொண்டு இசைத்த அந்தக் குழு, தான் இயங்கிய காலத்தில் ஓர் இசைத்தட்டைக்கூட வெளியிடவில்லை. அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று இன்று நாம் அறிவது பெருமளவு டார்கெட் வீடியோவின் பதிவுகளால்தான்.

[திரையில்: கறுப்பு வெள்ளையில் ஒரு வெற்று அறை, தொங்கும் ஒற்றை பல்பு.]

ஸ்பீரிஸிடம் ஒத்திசைவான ஒலி இருந்தது, வண்ண 16 மி.மீ. ஃபிலிம் இருந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட கேமராக்கள் இருந்தன. 400 அடி கொண்ட ஒரு 16 மி.மீ. சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். மேடைக்குக் கீழே கூட்டத்தின் நடுவில் நின்று, முழங்கைகள் இடிக்க இடிக்க ஒரு பாட்டை முழுதாகப் பதியவும், சுருளில் மிச்சமிருப்பதைக் கூட்டத்தின் மீது திருப்பவும் அது போதும். அப்படிப் பார்வையாளரையும் பாடகருக்கு இணையாகக் காட்டியதே இந்தப் படத்தின் பெரிய தேர்வு என்பேன். ரசிகர்களோடு நடந்த நேர்காணல்கள் தனியாக, கறுப்பு வெள்ளையில், மறைப்பில்லாத ஒரு பல்பின் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டன. கேள்வி கேட்கும் ஸ்பீரிஸின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து நிதானமாக வருகிறது, பதில் சொல்லும் இளைஞர்கள் வன்முறையைப் பற்றியும் வெறுப்பைப் பற்றியும் பேசுகிறார்கள், அவர் இடைமறிப்பதில்லை.

இசைக்குழுக்களை அவர் சந்தித்தது அவர்கள் வாழ்ந்த இடங்களில். பிளாக் ஃப்ளாக் குழுவினர் அப்போது ஹெர்மோசா பீச்சில் முன்னர் தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் தங்கியிருந்தார்கள். அன்றைய பாடகர் ரான் ரேயஸ் தான் படுத்துறங்கும், அலமாரி அளவேயான இடத்தைக் காட்டி, அதற்கு மாத வாடகை 16 டாலர் என்கிறார். ‘ஜெர்ம்ஸ்’ குழுவின் டார்பி கிராஷ் சமையலறையில் முட்டை பொரித்தபடி, மேடையில் தனக்கு ஏற்படும் காயங்களைப் பற்றிப் பேசுகிறார். ஜெர்ம்ஸுக்குப் பல கிளப்புகள் கதவடைத்திருந்த காலம் அது. ஆகவே அவர்கள் பாடுவதைப் படமாக்குவதற்கென்றே ஒரு கூடத்தில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. படமெடுப்பவர் இல்லாவிட்டால் அந்த நிகழ்ச்சியே நடந்திராது. ஆவணப்படம் நடந்ததை மட்டும் பதிகிறது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது.

அந்த நிகழ்ச்சியில் கிராஷ் தள்ளாடுகிறார், விழுகிறார், மைக்கை வாயருகே கொண்டுவர மறந்தே பாடுகிறார். அதே வேளையில் திரையின் கீழே அவர் எழுதிய பாடல் வரிகள் எழுத்தில் தெளிவாக ஓடுகின்றன. காதால் பிடிக்க முடியாத இரைச்சலுக்குள் அடர்த்தியான, யோசித்து எழுதப்பட்ட வரிகள் இருந்தன என்பது பார்வையாளருக்கு அப்போதுதான் தெரியவருகிறது. ஒரே உத்தியில் கேலியும் மரியாதையும் சேர்ந்து வருவது அபூர்வம்.

எல்லா இடத்திலும் ஸ்பீரிஸின் மௌனம் இவ்வளவு பலன் தரவில்லை. இறுதியில் வரும் ‘ஃபியர்’ குழுவின் பாடகர் லீ விங், தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் வசைகளால் கூட்டத்தைச் சீண்டி மேடையிலேயே அடிதடியை மூட்டுகிறார். அது நடிப்பா, நம்பிக்கையா என்று படம் கேட்பதில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்த தன்பாலீர்ப்பாளர்களிடமும் கேட்கவில்லை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக வம்சாவளிக் குடும்பத்திலிருந்து வந்தவரும், ஹாலிவுட் பங்க் இசையின் தொடக்கக் குரல்களில் ஒருவருமான ஆலிஸ் பேக், படத்தில் பாடுகிறார். ஆனால் மற்றவர்களைப் போல உட்கார்ந்து பேசும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. 1980-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ‘தி வெக்ஸ்’ என்ற அரங்கு தொடங்கி, அப்பகுதியின் மெக்சிக அமெரிக்க இளைஞர்களின் குழுக்கள் அங்கே வாசித்தன. படத்தில் அந்தப் பகுதியே இல்லை. அதனால், கோபக்கார வெள்ளை இளைஞர்களின் இசை என்ற ஒற்றைச் சித்திரமே உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. ஆலிஸ் பேக் தன் பக்கத்துக் கதையை நினைவுக்குறிப்பு நூலாக எழுதி வெளியிட்டது 2011-இல்.

[திரையில்: ஹாலிவுட் பூலவார்டு, இரவு. காவல் வாகனங்களின் விளக்குகள்.]

படம் 1981 ஜூலையில் வெளிவந்தபோது அது காட்டிய உலகம் ஏற்கெனவே கலைந்திருந்தது. டார்பி கிராஷ் 1980 டிசம்பர் 7 அன்று, 22 வயதில் இறந்துவிட்டார். அவர் கண்மூடி மேடையில் கிடக்கும் காட்சியே படத்தின் சுவரொட்டியாக இருந்தது. ரேயஸ் குழுவை விட்டு விலகிவிட்டார். ஸ்லாஷ் இதழ் நின்றுபோயிருந்தது. திரையிடலுக்குத் திரண்ட கூட்டத்தைக் கண்டு போலீசார் பெரும் எண்ணிக்கையில் குவிக்கப்பட்டார்கள். நகரக் காவல் துறைத் தலைவர் டேரில் கேட்ஸ், இந்தப் படத்தை இனி லாஸ் ஏஞ்சலஸில் திரையிட வேண்டாம் என்று கேட்டுக் கடிதம் எழுதினார். காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம்.

அதன்பின் படம் ஏறக்குறைய மறைந்தே போனது. வீடியோ கேசட்டில் பார்த்தவர்கள் நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். முறையான டிவிடி வெளியீடு 2015 வரை நடக்கவில்லை. சுயாதீன இசைப் படங்கள் பலவற்றுக்கும் நேரும் கதி இது. ஒவ்வொரு பாடலுக்கும் இயற்றியவரிடமும் ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி வேண்டும். புதிய வடிவத்தில் வெளியிடும்போது பழைய ஒப்பந்தம் செல்லாமல் போகலாம். அதற்குள் ஃபிலிமும் கெட்டுக்கொண்டிருக்கும். அசிடேட் ஃபிலிம் சிதையும்போது காடி வாடை வீசும். வீடியோ நாடாவின் பசை ஈரத்தை இழுத்து, ஓட்டும்போது கருவியில் ஒட்டிக்கொள்ளும். சூப்பர் 8-இல் பெரும்பாலும் நெகட்டிவே கிடையாது: கேமராவில் ஓடிய அதே சுருள்தான் திரையிடும் கருவியிலும் ஓடுகிறது. ஆகவே நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிய ஒவ்வொரு முறையும் மூலப் பிரதியின் மேலேயே கீறல் விழுந்தது.

ஸ்பீரிஸின் படம் மீண்டும் வெளிவரக் காரணமாக இருந்தவர் அவருடைய மகள் அன்னா ஃபாக்ஸ். அந்த வெளியீட்டில், முதலில் வெட்டப்பட்ட காட்சிகளும் நீண்ட நேர்காணல்களும் சேர்ந்து வந்தன. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கப்பட வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

வாஷிங்டனில் இந்த வேலை வேறு விதமாக நடந்தது. அந்நகரின் பங்க் இசையை 1970-களின் இறுதியிலிருந்தே சூப்பர் 8-இல் பதிந்துவந்த பால் பிஷோவின் சுருள்கள், ஜேம்ஸ் ஜூன் ஷ்னைடரோடு அவர் சேர்ந்து இயக்கிய ஆவணப்படமாக 2019-இல்தான் முழு வடிவம் பெற்றன. அந்நகரின் பொது நூலகம் 2014-இலேயே பங்க் இசைக்கென்று ஓர் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கி, துண்டறிக்கைகள், சிற்றிதழ்கள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றைச் சேகரித்துவருகிறது. அவற்றில் கணிசமானவை, அந்தக் கச்சேரிகளுக்குப் போய்வந்தவர்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளிலிருந்து எடுத்துக் கொடுத்தவை.