எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்களா? 1838 சிட்னி பேப்பர்கள்

வணக்கம் மக்களே! போன வீடியோவுக்குக் கீழே ஒருவர், "அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பழங்குடி மக்களை மட்டமாகத்தான் நினைத்தார்கள், இப்போது திட்டி என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறார். இந்த வாதத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், உங்களுக்குத் தெரியும்.

1838 ஜூன் 10. ஆஸ்திரேலியாவில், அப்போது பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த நியூ சவுத் வேல்ஸில் மயால் கிரீக் என்ற மாட்டுப் பண்ணை. அங்கே தங்கியிருந்த பழங்குடி மக்களில் குறைந்தது 28 பேரைக் குடியேறிகளின் கூட்டம் ஒன்று கட்டி இழுத்துப்போய்க் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். 11 பேர் மேல் வழக்கு. பெரிய பண்ணைக்காரர்கள் பணம் திரட்டி அவர்களுக்கு வக்கீல் வைத்தார்கள். சிட்னி ஹெரால்டு பேப்பர் யார் பக்கம்? பண்ணைக்காரர்கள் பக்கம்தான். பழங்குடி மக்களை மிருகக் கூட்டம் என்று எழுதியது. வழக்குக் காகிதம் அச்சடிக்கிற காசுக்குக்கூட அவர்கள் ஈடில்லையாம்!

அந்த ஹெரால்டு பக்கத்தைத் தேடும்போது ஒரு தளம் மாதச் சந்தா கேட்டது பாருங்கள், வந்ததே கோபம்! ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய பேப்பர்கள் இலவசமாகக் கிடக்கின்றன. கணினி தப்பாகப் படித்த எழுத்துகளை நாமே திருத்தலாம். நானும் ஒரு பத்தியைத் திருத்தினேன். மை மங்கிப்போய், பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள். ஒரே வரிக்கு அரை மணி நேரம்! கடைசியில் சரியாக வந்ததும் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் விசாரணையில் 11 பேரும் விடுதலை. அதே ஊரில் வந்த தி ஆஸ்திரேலியன் பேப்பர் அப்புறம் என்ன போட்டது தெரியுமா? ஒரு வாசகர் கடிதம். குற்றம் செய்தார்கள் என்று தெரிந்தேதான் விட்டோம், கறுப்பரைச் சுட்டதற்காக ஒரு வெள்ளைக்காரன் சாவதைப் பார்க்க மாட்டேன் என்று தீர்ப்புச் சொன்ன ஜூரர்களில் ஒருவரே சொன்னதாக அதில் இருந்தது. இப்படி விட்டதற்காகக் கொதித்தவர்களும் வெள்ளைக்காரர்கள்தானே? அரசு வழக்கறிஞர் பிளங்கெட் விடவில்லை. இரண்டாவது விசாரணை நடத்தி, டிசம்பர் 18 அன்று 7 பேருக்குத் தூக்கு.

ஹெரால்டு, அதாவது இன்றைய சிட்னி மார்னிங் ஹெரால்டு, 2023 ஜூனில் மன்னிப்புக் கேட்டு எழுதியது. 185 வருடம்! கேட்டது நல்லதுதான், ஆனால் எனக்குப் பாராட்ட வாய் வரவில்லை.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். கொன்றவர்கள் மொத்தம் 12 பேர். மற்ற 11 பேரும் பிரிட்டனிலிருந்து தண்டனையாக அனுப்பப்பட்ட கைதிகள் அல்லது முன்னாள் கைதிகள். பன்னிரண்டாவது ஆள் ஜான் ஃப்ளெமிங் மட்டும் நிலக்காரக் குடும்பம். அவர் பிடிபடவே இல்லை. அடுத்த வீடியோ அவரைப் பற்றித்தான்.