ஜான் அட்டியோ எதையும் இழக்கவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"கீழ் டிவிஷனிலேயே ஆடி முடித்த ஆட்டக்காரனின் வாழ்க்கை இழப்பா, நிறைவா?" இதுதான் இன்றைய கேள்வி. வழக்குக்கு நாம் எடுத்துக்கொண்ட ஆள் கால்பந்து ஆட்டக்காரர் ஜான் அட்டியோ. 1951 முதல் 1966 வரை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் சிட்டி என்ற ஒரே கிளப்புக்கு 645 ஆட்டம், 351 கோல். அந்த வருடங்களில் அந்தக் கிளப் ஒரு சீசன்கூட லீக்கின் உச்சப் படியான முதல் டிவிஷனில் இருந்ததில்லை. மூன்றாவதில் இருந்து இரண்டாவதுக்கு ஏறும், திரும்ப இறங்கும், மறுபடி ஏறும். எனக்கு முன் பேசிய நண்பர், "இத்தனை கோல் போட்ட மனிதர் மேலே போயிருந்தால் எங்கேயோ இருந்திருப்பாரே" என்று உச்சுக்கொட்டிவிட்டு அமர்ந்தார். நிறைவு என்று நிரூபிக்க நான் வந்திருக்கிறேன்.

மேலே போகத் தெரியாமல் கீழே கிடந்தவர் இல்லை அவர். பிரிஸ்டலுக்கு வருவதற்கு முன் போர்ட்ஸ்மத்தில் சம்பளம் வாங்காத அமெச்சூர் வீரராக இருந்தார். சாதாரணக் கிளப்பா அது? 1949-லும் 1950-லும் இங்கிலாந்து லீக் சாம்பியன்! அந்த வாசலில் கால் வைத்த பையன், பத்தொன்பது வயதில், மூன்றாவது டிவிஷன் தெற்குப் பிரிவில் இருந்த கிளப்புக்குக் கையெழுத்துப் போடுகிறார். படியில் இறங்கித்தான் வந்தார், அதுவும் தெரிந்தே.

சரி, பணம்? எதிரணி ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆட்டக்காரனின் சம்பளத்துக்கு லீக்கே உச்சவரம்பு போட்டிருந்தது. 1951-ல் வாரம் 14 பவுண்டு. 1961 ஜனவரியில் அந்த வரம்பை எடுக்கும்போதுகூட 20 பவுண்டுதான். முதல் டிவிஷன் நட்சத்திரத்துக்கும் அதே வரம்பு, மூன்றாவது டிவிஷன்காரனுக்கும் அதே வரம்பு. கீழே இருந்த பலருக்கு அந்த உச்சத் தொகைகூடக் கிடைக்கவில்லை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் மேலே போனால் பங்களா வாங்கியிருப்பார் என்ற கணக்கு இந்தக் காலத்துக் கணக்கு. அதை 1950-களின் தலையில் கட்டாதீர்கள்.

எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். "அவர் எங்கே நிறைவாக இருந்தார்? கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள்" என்றார் சகோதரி. உண்மைதான், அப்படி ஒரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனின் பதிவைக் கிளப் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். நியூகாசில் கிளப்பில் இருந்த ஜார்ஜ் ஈஸ்தம் வெளியேற வேண்டும் என்று சண்டை போட்டு, ஆடாமல் இருந்து, வேறு வேலை பார்த்து, கடைசியில் நீதிமன்றம் போனார். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இது தொழில் செய்யும் உரிமைக்கே தடை என்று தீர்ப்பளித்தார். அந்த விதியால் பாழான வாழ்க்கைகள் எத்தனையோ. அதற்காக நானும் கோபப்படுகிறேன். ஆனால் அட்டியோவைப் பாருங்கள். 1961-ல் சம்பள வரம்பு போய்விட்டது. ஃபுல்லாம் கிளப்பில் ஆடிய ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு. 1963-ல் கட்டும் தளர்ந்தது. அதற்குப் பிறகும் மூன்று வருடம் அதே சிவப்புச் சட்டையில்தான் ஆடினார்.

அடுத்து, "இங்கிலாந்து அணிக்கு ஆறே ஆட்டம்தானே!" என்கிறார்கள். அந்த ஆறில் ஐந்து கோல், ஐயா! அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1957 மே 19, டப்ளின், டேலிமவுண்ட் பார்க். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். மூன்றாவது நிமிடத்திலேயே அயர்லாந்தின் ரிங்ஸ்டெட் கோல் போட்டுவிட்டார். அயர்லாந்து ஜெயித்தால் இன்னொரு ஆட்டம் ஆட வேண்டிவரலாம், சமன் ஆனால் இங்கிலாந்து உள்ளே. தொண்ணூறாவது நிமிடம் வரை அயர்லாந்து விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் வலது பக்கம் இங்கிலாந்தின் ஃபின்னி ஆளைக் கடந்து பந்தைத் தூக்கிக் கொடுக்கிறார், அட்டியோ தலையால் முட்டுகிறார், கோல். இங்கிலாந்தை 1958 உலகக் கோப்பைக்குக் கொண்டுபோன கோலைப் போட்டவர் இரண்டாவது டிவிஷன் ஆட்டக்காரர். அந்த நாளுக்குப் பிறகு தேர்வாளர்கள் அவரைக் கூப்பிடவே இல்லை. இழப்பு என்று எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அதைத் தேர்வாளர்களின் கணக்கில் எழுதுங்கள்.

கீழ் டிவிஷன் கோல் என்ன கோல் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் போதும்: ஆர்தர் ரவ்லி. இங்கிலாந்து லீக்கில் 434 கோல். டிக்ஸி டீனின் 379-ஐத் தாண்டிய இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. அதில் 152 கோல் ஷ்ரூஸ்பரி டவுன் என்ற சின்ன கிளப்புக்கு, மூன்றாவது நான்காவது டிவிஷனில் போட்டது. இங்கிலாந்தின் முதன்மை அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். சேற்று மைதானத்தில், நனைந்து கனத்த தோல் பந்தில், காலை உடைக்கத் தயாராக நிற்கும் தடுப்பாட்டக்காரனைத் தாண்டிப் போட்ட கோலுக்கு டிவிஷன் பார்த்து மதிப்பெண் குறைப்பது நியாயமே இல்லை.

அட்டியோவிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அவர் பந்தை மட்டும் நம்பி உட்காரவில்லை. ஆடிக்கொண்டே படித்தார், ஆசிரியர் ஆனார். பள்ளிக்கூடமும் ஆட்டமுமாக ஓடியவர்தான், 1965-ல் பிரிஸ்டல் சிட்டி மான்ஸ்ஃபீல்டோடு புள்ளி சமமாகி, கோல் சராசரியில் (போட்ட கோலை வாங்கிய கோலால் வகுத்த கணக்கில்) முந்தி, மறுபடி இரண்டாவது டிவிஷனுக்கு ஏறியபோது அணியில் இருந்தார். ஆட்டத்தை நிறுத்திய பிறகு வார்மின்ஸ்டரில் கணக்கு வாத்தியார். முப்பத்தைந்தைத் தொடும்போது சம்பளமும் போய், கைத்தொழிலும் இல்லாமல் நின்ற ஆட்டக்காரர்கள் அந்தத் தலைமுறையில் முதல் டிவிஷனிலேயே இருந்தார்கள். இவருக்கு மறுநாள் போக ஒரு வேலை இருந்தது.

1993-ல் அவர் இறந்தார். அடுத்த வருடம் பிரிஸ்டல் சிட்டியின் ஆஷ்டன் கேட் மைதானத்தில் திறந்த புது பார்வையாளர் அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பெரிய ஊரில் இரண்டு வருடம் ஆடிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பெயர் அங்கே இருந்திருக்குமா என்று எதிரணி அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.