எங்ககிட்ட என்னா இருக்கு, எழுதி வைக்க?

வணக்கம். காலை மழைக்குள் கொழுந்துக்குப் போய்த் திரும்பி, இப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு வானொலியைக் கேட்பவர்களுக்கும் வணக்கம்.

நான் சட்டத்தரணி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைநாட்டில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் 28 வருடம் உரைபெயர்ப்பாளராக நின்றவள். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அவர் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் அடுத்தவர் வாய்ச் சொல்லை நம் வாயில் போட்டுச் சொல்லும்போது, சிலது வாயிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கிப்போன ஒன்றைச் சொல்லி, மரணசாசனம், அதாவது உயில், எழுதுவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

ஒரு பெண் பிள்ளை. 7 வயது. அப்பா இல்லை, அவர் இறந்து மூன்று வருடத்தில் அம்மாவும் போய்விட்டார். பிள்ளையைக் கேட்டு ஒரு பக்கம் அம்மாயி, இன்னொரு பக்கம் பெரியப்பா. இரண்டு பக்கத்திலும் பாசம் இருந்தது. அம்மாவின் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப்., பணமும் இருந்தது. எது எவ்வளவு என்று நான் சொல்லக் கூடாது. நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதிரையில் உட்காரவைத்து, ஒரு டொபியும் கொடுத்து, "யாரோட இருக்க விருப்பம்?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். பிள்ளை டொபியைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "தம்பி எங்க இருப்பான் மிஸ்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டது. அந்த நாலு சொல்லைச் சிங்களத்தில் சொல்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனாலும் எனக்குக் கொஞ்ச நேரம் வாய் வரவில்லை.

அந்த அம்மா ஒரு வரி எழுதி வைத்திருந்தால்? "என் இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில், இன்னாரிடம் வளர வேண்டும்" என்று ஒரே ஒரு வரி.

துணையை இழந்து, சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறவர்களிடம் மரணசாசனம் என்று சொன்னாலே இரண்டு பதில் வரும். முதலாவது, "அபசகுனமா பேசாதீங்க மிஸ்." இரண்டாவது, "எங்ககிட்ட என்னா இருக்கு, எழுதி வைக்க?" இந்த இரண்டாவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். உங்கள் வீட்டு பிஸ்கட் டின்னைக் கொண்டுவாருங்கள் என்பேன். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கும். திறந்தால் என்ன? வங்கிப் புத்தகம், சேமலாப நிதிக் கடதாசி, அடகுச் சீட்டு, சீட்டுக் கட்டின கணக்கு, தோடு ஒரு சோடி. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு அந்தக் கடதாசியும். ஒன்றுமில்லை என்பவர்கள் சம்பளச் சிட்டையைப் பாருங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியம், அதாவது ஈ.டி.எஃப்., அதற்குத் தோட்டம் 3 வீதம். இருபது வருடம் மலையேறினவருக்கு அது சின்னக் காசு இல்லை.

அந்த நிதிக்கு யாருடைய பெயரைக் குறித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? கலியாணம் முடித்த புதிதில் கணவர் பெயரைக் கொடுத்திருப்பீர்கள். அவர் இறந்து பல வருடம். பெயர் இன்னும் அங்கேயே இருக்கும். இறந்தவர் வந்து காசு வாங்க முடியாதே. மரணசாசனம் எழுத நாள் பார்க்கிறவர்கள்கூட, நாளைக்கே தோட்டத்து ஆபீசில் கேட்டு இதை மாற்றலாம்.

பெயர் என்றதும் என் பழைய புண் ஒன்று. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இராமாயி, அடையாள அட்டையில் ரமாயி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ராமம்மா. மூன்றும் ஒரே ஆள்! தமிழ் தெரியாதவர் காதில் விழுந்ததை எழுதுகிறார், எழுதினதை வாசிக்கத் தெரியாமல் நாம் வாங்கி வருகிறோம். உயிரோடு இருக்கும்போது "நான்தான் அது" என்று நீங்களே போய் நிற்கலாம். சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து டின்னில் போட்டு வைக்கலாம். செத்த பிறகு "அதுதான் எங்கம்மா" என்று நிரூபிக்க 10 வயதுப் பிள்ளை எங்கே போகும்? இதை நான் கோயில் திருவிழாவிலும் சொல்லுவேன், கலியாண வீட்டிலும் சொல்லுவேன். என் மகன் என்னைக் கண்டால் "அம்மா, பேர் சரியா?" என்று கேலி பண்ணுகிறான்.

சரி, எப்படி எழுதுவது? இதற்கான சட்டம் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதே 1840இல்தான் 12ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. தன்னுடையது என்று யாரும் நிரூபிக்காத காட்டுக் காணி எல்லாம் முடிக்குரியது என்றது அது. அந்தக் காணிகளில்தான் கோப்பித் தோட்டம் வந்தது, நம் பூட்டன்மார் நடந்து வந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் தோட்டம் குடியிருக்கத் தந்த லயக் காம்பராவை யாருக்கும் எழுதி வைக்க முடியாது. நம்முடையதாக இருந்தால்தானே? விஷயத்துக்கு வருகிறேன். பத்திரம் எழுதி உறுதிப்படுத்துகிற நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க, கையெழுத்து வைக்க வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் 5 சாட்சி என்றது அந்தச் சட்டம். பிறகு திருத்தங்கள் வந்திருக்கின்றன. ஆகவே வீட்டில் எழுதிச் சிக்கலில் மாட்டாமல் நொத்தாரிசிடமே போங்கள். சொத்துக் கிடைக்கப் போகிறவரைச் சாட்சிக்குக் கூட்டிப் போக வேண்டாம். கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். 1978இலிருந்து இருக்கிற அரச நிறுவனம் அது.

"எழுதாவிட்டாலும் பிள்ளைகளுக்குத்தானே வரும்?" என்று ஒரு கணக்குப்பிள்ளை என்னிடம் வாதாடினார். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். அவர் சொன்னது சரி. கணவன் மனைவி இருவரும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சமபங்கு. 1876ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 18 வயதுவரை அந்தப் பங்கை யார் கையில் வைத்துப் பார்ப்பது, பிள்ளைக்குச் சோறு யார் போடுவது, இதை அந்தச் சட்டம் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதை நீதிமன்றம் அப்படியே ஏற்க வேண்டும் என்றில்லை, பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும். என்றாலும் பெற்றவர் எழுத்து மேசையில் இருக்கும்போது அந்த அறையின் பேச்சே வேறு மாதிரிப் போகும். நான் நின்று பார்த்தவள்.

பிள்ளையை வளர்க்கிறவரும் காசைப் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாயிக்கு அன்பு இருக்கும், வங்கிப் படிவம் நிரப்பத் தெரியாது. மாமாவுக்குக் கணக்குத் தெரியும், பொறுமை இருக்காது. பிரித்துக் கொடுங்கள். கொடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். கேட்காமல் பெயரைப் போடுவது, சொல்லாமல் வீட்டுக்கு விருந்தாளி அனுப்புவது மாதிரி.

இவ்வளவு பேசுகிற நான், என் கணவர் இறந்து 6 வருடம் கழித்துத்தான் எழுதினேன். இறந்தபோது மூத்தவனுக்கு 5, சின்னவளுக்கு 2. தினமும் அதே வழக்குகளை மொழிபெயர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பருப்பு வேகவைத்தேன். ஏன் எழுதவில்லை? பிள்ளைகளுக்கு யார் பெயரைப் போடுவது என்று நினைத்தாலே, நான் இல்லாத வீடு கண்ணில் வந்துவிடும். கடைசியில் என் நாத்தனாரிடம் கேட்டேன். "இதுக்கா அண்ணி இத்தனை வருசம்?" என்றாள்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவுத் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார். மூன்று விஷயம் மிச்சம், ஓடிவிடுகிறேன். மறுமணம் செய்தால் பழைய மரணசாசனம் செல்லாது. புதிதாக எழுதாமல் இறந்தால் பாதி புதுத் துணைக்குப் போகும், மிச்சப் பாதிதான் பிள்ளைகளுக்கு. கலியாணம் முடித்த கையோடு நொத்தாரிசிடம் திரும்பப் போங்கள். அரசாங்கம் தந்த அனுமதிப்பத்திரக் காணி என்றால் உங்களுக்குப் பிறகு அது யாருக்கு என்று பின்னுரிமையாளரைப் பதிகிற வழி தனி, பிரதேச செயலகத்தில் கேளுங்கள். எழுதினதை எங்கே வைத்தீர்கள் என்று பெயர் குறித்தவரிடம் சொல்லுங்கள். பிஸ்கட் டின்னில் என்றால் எந்த டின் என்றும் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது. வணக்கம்.