டிசம்பர் கடைசி வாரமும் ஒரு புவியியல் வகுப்பும்

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் வரலாற்றுப் பேராசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். அன்போடு பொன்னாடை போர்த்திய விழாக் குழுவினருக்குத் தனியே நன்றி.

டிசம்பர் கடைசி வாரத்தின் மூன்று நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் உலகப் போரில், 1914 கிறிஸ்துமஸ் அன்று மேற்குப் போர்முனையில் பல இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கினார்கள். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 மூன்று மனிதர்களோடு நிலவைச் சுற்றியது. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். என் மனம் நிற்பது மூன்றாவதில்தான்: 2004 டிசம்பர் 26.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். அன்று அணை போட்டவள் பத்து வயதுச் சிறுமி!

டில்லி ஸ்மித் என்று பெயர். இங்கிலாந்திலிருந்து பெற்றோர், தங்கையோடு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு வந்திருந்தாள். காலையில் மாய் காவ் கடற்கரையில் நடக்கிறார்கள். கடல் நுரைத்துக்கொண்டு ஏறி ஏறி வருகிறது, திரும்பிப் போகவே இல்லை. பெரியவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. டில்லிக்கோ இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் பார்த்த ஹவாய் சுனாமிக் காட்சி நினைவுக்கு வருகிறது. "சுனாமி வரப்போகிறது!" என்று கத்துகிறாள். அம்மா நம்பவில்லை. பிள்ளை விடுவதாயில்லை. கடைசியில் அப்பா ஹோட்டல் காவலரிடம் போய்ச் சொல்கிறார், கரையில் இருந்தவர்களை வெளியேற்றுகிறார்கள். அப்புறம் அலை வந்தது. அந்தக் கரையில் ஒருவர்கூடச் சாகவில்லை. பதினான்கு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோரை விழுங்கிய அதே நாளில்!

அந்தச் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இந்தோனேசியாவின் சிமுலுவே தீவு. 1907இல் அங்கே சுனாமி வந்தது. பிழைத்தவர்கள், நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். 2004இல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் சுனாமிக்குப் பலியானவர்கள் 7 பேர் மட்டுமே.

வெள்ளம் வருமுன் அணை போடு என்று சும்மாவா சொன்னார்கள்? இன்று எச்சரிக்கை மையங்கள் இருக்கின்றன, சரி. ஆனால் நிலநடுக்கம் பக்கத்திலேயே நடந்தால், எச்சரிக்கை வந்து சேருமுன் அலை வந்துவிடலாம். அதனால்தான் கேட்கிறேன்: ஆண்டுக்கு ஒரே ஒரு வகுப்பு, எல்லாப் பள்ளிகளிலும். கடலின் அறிகுறிகளைச் சொல்லுங்கள், ஓடவேண்டிய மேட்டைக் காட்டுங்கள், ஒருமுறை ஓடவும் வையுங்கள். தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம்.

நேரமாகிவிட்டதென்று தலைவர் மணியடிக்கிறார். முதல் இரண்டையும் பேச இன்னொரு மேடை தாருங்கள். இதற்கான கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.