நெஞ்சுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பூந்தமல்லி பக்கம் போயிருந்தால், எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். நாகலாபுரம் மலைப் பக்கமோ ஜவ்வாது மலைப் பக்கமோ மண் பாதையில் ஓட்டப் போகிற பிள்ளைகள். தலையில் நல்ல ஹெல்மெட் இருக்கும், காலில் பூட்ஸ், முழங்காலுக்கு கார்டு. நெஞ்சில் வெறும் ஜெர்சி, இல்லையென்றால் செஸ்ட் கார்டு, அதாவது நெஞ்சுக் கவசம் என்று சொல்லி யாரோ கொடுத்த ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

தார் ரோட்டில் விழுந்தால் பெரும்பாலும் சறுக்கிக்கொண்டு போவோம், தோல் உரியும். மண் பாதையில் வேகம் குறைவுதான், ஆனால் முன் சக்கரம் குழியில் இறங்கியதும் வண்டி நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். ஹேண்டில்பார் முனை நேராக நெஞ்சில் குத்தும். அல்லது ஏறக்குறைய 200 கிலோ வண்டி மேலேயே சாயும். விலா எலும்பு உடைந்தால் கை கால் மாதிரி மாவுக்கட்டு போட முடியாது, மூச்சு இழுக்கும்போதெல்லாம் வலியைப் பொறுத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். உடைந்த முனை நுரையீரலைக் குத்திவிட்டால் அது வேறு கதை.

சரி, கடைக்குப் போகிறீர்கள். அங்கே தொங்குகிறவை எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டு வகை. மோட்டோகிராஸ் என்கிற மண் பாதை பைக் பந்தயத்தில் முன்னால் போகிற வண்டியின் பின் டயர் கல்லையும் மண்ணையும் வாரி இறைக்கும், அது நெஞ்சில் படாமல் தடுக்க வந்தது ஒரு வகை. அதற்கு ஐரோப்பியத் தர எண் இஎன் 14021. கீழே விழும்போது வாங்குகிற அடியைக் குறைக்கச் செய்தது இன்னொரு வகை. அதன் எண் இஎன் 1621-3, 2018-இல் வந்தது. எழுதிக்கொள்ளுங்கள், மறுபடி சொல்கிறேன்: 14021 கல்லுக்கு, 1621-3 அடிக்கு. கெட்டியான பிளாஸ்டிக்காக, பெரிதாக இருக்கிறது என்பதால் அது அடி தாங்கும் என்று அர்த்தமில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பையன் காரணம். அம்பத்தூர் பக்கத்துப் பையன், கல்லூரியில் படிக்கிறான், எங்களோடு ஓட்ட வருவான். ஒரு நாள் செம்மண் சரிவில் இறங்கும்போது முன் சக்கரம் ஒரு கல்லில் மாட்டியது. நடக்கிற வேகம்தான். ஹேண்டில்பார்மேல் அப்படியே கவிழ்ந்தான், எழுந்து உட்கார்ந்தான், ஆனால் பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால் விலா எலும்பு உடைந்திருக்கிறது. அவன் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், "நெஞ்சு பூரா அவ்ளோ பெருசா மாட்டியிருந்தானே அண்ணே, அப்புறம் எப்படி உடைஞ்சது?" அந்த கார்டைத் திருப்பி உள்பக்கம் டேக்கைப் பார்த்தோம். 14021. அது எந்த வேலைக்குச் செய்யப்பட்டதோ அந்த வேலைக்கு நல்ல பொருள்தான். அந்த அம்மாவுக்கு அதைப் புரிய வைக்க எனக்கு வெகு நேரம் ஆனது. பையன் பிழைத்தான், இப்போது மறுபடி ஓட்டுகிறான், 1621-3 போட்டுக்கொண்டு.

ஆகவே சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் முதலில் டேக், அப்புறம்தான் விலை. எண்ணுக்குப் பக்கத்தில் லெவல் 1, லெவல் 2 என்று போட்டிருப்பார்கள். லெவல் 2 என்றால் பாதுகாப்பு இன்னும் கூடுதல். முதுகு கார்டை வைத்துச் சொல்கிறேன், அதன் எண் 1621-2. 5 கிலோ எடையை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிற மாதிரியான சோதனை. உள்ளே போகிற விசையைக் கிலோநியூட்டன் என்ற அளவில் சொல்வார்கள், அது சராசரியாக லெவல் 1-க்கு 18-க்குள், லெவல் 2-க்கு 9-க்குள் இருக்க வேண்டும். சரிபாதி! நெஞ்சு கார்டோடு முதுகுக்கும் சேர்த்தே வாங்குங்கள்.

ஆனால் நம்ம ஊர் புழுக்கம் இருக்கிறதே. மே மாதத்தில் கனமான லெவல் 2 போட்டவர் பத்து மணிக்குள் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார். பையில் கிடக்கிற லெவல் 2-வை விட, காற்றோட்டத்தோடு உடம்பிலேயே இருக்கிற லெவல் 1 மேல், இது என் கருத்து. இன்னொன்று, மெத்தென்று இருந்து அடிபட்டதும் இறுகுகிற ஃபோம் வகைகள் சூட்டில் இளகும். டேக்கில் டி பிளஸ் (T+) குறி இருந்தால் 40 டிகிரியிலும் சோதித்தது, சென்னைக்கு அதைத் தேடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் ஜெர்சி, ஹெல்மெட், தண்ணீர்ப் பை எல்லாம் எடுத்துப் போங்கள். மாட்டிக்கொண்டு வாசலில் உங்கள் வண்டியில் உட்காருங்கள், கால் வைக்கிற ஃபுட்பெக்கில் எழுந்து நிற்கிற மாதிரி முட்டியை மடக்கி முன்னால் சாயுங்கள். மேல் விளிம்பு தொண்டையில் இடிக்கக் கூடாது, கீழ் விளிம்பு டேங்கில் முட்டி மேலே தள்ளக் கூடாது. கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நகர்ந்து போகிற கார்டு, விழும்போது நெஞ்சில் இருக்காது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பெண்களுக்கான வடிவத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக வருகிறவை இருக்கின்றன, ஆண்கள் அளவில் சின்னதை வாங்கிச் சமாளிக்காதீர்கள். விழும்போது காற்று நிரம்பி உப்பிக்கொள்கிற ஏர்பேக் வெஸ்ட்டை 2021-இலிருந்து டக்கார் ராலி என்கிற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், வசதி இருந்தால் பாருங்கள். பலமாக அடி வாங்கிய கார்டை மாற்றிவிடுங்கள். துவைக்கும்போது ஃபோமைக் கழற்றிவிட்டுத் துவையுங்கள், மொட்டை மாடி வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். வணக்கம்.